ஜனவரியில் லம்பாசா

வாங்க, வாங்க. செருப்பு வெளியிலேயே கிடக்கட்டும், யாரும் எடுத்துட்டுப் போக மாட்டாங்க. டிராவல்ஸ்காரர் காலையிலேயே போன் பண்ணிட்டாரு. "பந்தல்குடியில இருந்து ஒரு அம்மா வருவாங்க, பிஜித் தீவைப் பத்தி விசாரிக்கணுமாம், எனக்குத் தெரிஞ்சு இந்தப் பக்கத்துல அங்க போயிட்டு வந்தவங்க நீங்க ஒருத்தர்தான்"னாரு. உக்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க.

பையனுக்கு எந்த ஊர்ல வேலை? லபாசாவா? சர்க்கரை ஆலையிலயா? அட. எழுதறதுதான் லபாசா, வாயால சொல்றப்போ லம்பாசான்னு சொல்லணும். நானும் அதே ஊருக்குத்தான் போனேன். நாண்டி வரைக்கும் பெரிய பிளேன். அதுக்கப்புறம் ஒரு குட்டிப் பிளேன், மினி பஸ்ஸுக்கு இறக்கை வச்ச மாதிரி. பெட்டியை எடை போடறது சரி, நம்மளையும் தராசுல ஏத்தி எடை போடுவாங்க. கூச்சப்படாம ஏறி நில்லுங்க.

எந்த மாசம் போறீங்க?

ஜனவரியா?

வேண்டாம்மா. ஜூன்ல போங்க. ஜூலையில போங்க. அப்போ ஆலை ஓடுமாம், ஊரே பாகு காய்ச்சின வாசமா இருக்குமாம். நான் பார்த்ததில்ல. நான் போனது ஜனவரியில. ஆலை மூடிக் கிடக்கும், பள்ளிக்கூடமெல்லாம் லீவு, காலையில எழுந்திரிக்கும்போதே உடம்பு கசகசன்னு இருக்கும். மத்தியானம் மூணு மணி ஆச்சுன்னா வானம் கறுத்துடும். நம்ம ஊரு மழை மாதிரி பெய்ஞ்சுட்டுப் போற மழை இல்ல அது. உக்காந்து பெய்யும். கொடியில போட்ட துணி நாலு நாளாக் காயாது. துணியில பூசணம் பிடிக்கும், சுவத்துல பூசணம் பிடிக்கும், தோல் செருப்புல பூசணம் பிடிக்கும்.

அப்புறம், நாட்டு மருந்து எதுவும் கொண்டு போகாதீங்க. ஏர்போர்ட்ல பெட்டியைப் பிரிச்சு எல்லாத்தையும் வெளியில எடுப்பாங்க. நான் வசம்பு, சுக்கு, திப்பிலி, ஓமம், தேன் ஊத்திக் கிளறின பிரசவ லேகியம் ரெண்டு டப்பா கொண்டு போனேன். அந்த ஆபீசர் பொம்பளை ஒவ்வொண்ணா மோந்து பார்த்துட்டு, சிரிச்சுக்கிட்டே எடுத்து ஓரமா வச்சுட்டா. "சாரி மதர்"னா. லேகியம் போயிடுச்சு. சீரகம் மட்டும் விட்டா.

ஆமா, பொண்ணு பிரசவத்துக்குத்தான் போனேன். எனக்கு ஒரே பொண்ணு. கௌசல்யா. கௌசின்னுதான் கூப்பிடுவேன். மாப்பிள்ளை ஜெயப்பிரகாஷ் அங்க கரண்ட் கம்பெனியில இன்ஜினியர். நான் பார்த்துப் பண்ணி வச்ச கல்யாணம்தான். அஞ்சு வருஷமாக் குழந்தை இல்ல. ஆறாவது வருஷம்தான் தங்குச்சு. நான் போகாம யாரு போவா? எங்க வீட்டுக்காரர் அவ ஏழாவது படிக்கிறப்பவே போயிட்டாரு. அவளுக்கு நான்தான், எனக்கு அவதான்.

நான் என்ன வேலை பார்த்தேன்னு டிராவல்ஸ்காரர் சொன்னாரா? அருப்புக்கோட்டை கவர்மெண்ட் லேடீஸ் ஹாஸ்டல்ல வார்டன். இருபத்தாறு வருஷம். நூத்திப் பத்துப் பொம்பளைப் பிள்ளைங்க. அதுல என் பொண்ணும் ஒருத்தி மாதிரித்தான் வளர்ந்தா. தட்டை எடுத்துக்கிட்டு வரிசையில நின்னுதான் சாப்பிடுவா. வார்டன் பொண்ணுன்னு ஒரு அப்பளம் கூட எச்சா வாங்கினதில்ல. எதுத்து ஒரு வார்த்தை பேச மாட்டா. எது சொன்னாலும் "சரிம்மா." அவ்வளவுதான். அப்படி வளர்த்தேன்.

அந்த வேலையில இருந்தா ஒண்ணு தெரிஞ்சு போகும்மா. எது வலி, எது சாக்குன்னு முகத்தைப் பார்த்தே சொல்லிடலாம். திங்கட்கிழமை பரீட்சைன்னா ஞாயித்துக்கிழமை பாதிப் பிள்ளைங்களுக்கு வயித்துவலி வரும். நான் ஒரு டம்ளர் சீரகத் தண்ணியைக் குடுத்து, போய்ப் படுன்னுடுவேன். காலையில எல்லாம் பரீட்சைக்குப் போயிடுங்க. ஒரே ஒருத்திக்கு மட்டும் நிசமாவே குடல்வால் வெடிச்சுப் போச்சு, மதுரைக்குத் தூக்கிட்டுப் போனாங்க. அது வேற விஷயம். பிழைச்சுட்டா.

என்ன சொல்லிக்கிட்டிருந்தேன்? ஆங், ஜனவரி.

மூணாந் தேதி போய் இறங்கினேன். வீடு டவுனுக்குள்ள இல்ல. பதினோரு கிலோமீட்டர் தள்ளி, கரும்புக் காட்டு நடுவுல மரவீடு. வீட்டுக்கும் டவுனுக்கும் நடுவுல ஒரு ஆறு, அதுல ஒரு தரைப்பாலம். நான் போன அன்னிக்குப் பாலத்துக்குக் கீழே தண்ணி பாட்டுக்கு ஓடிக்கிட்டிருந்துச்சு, ரெண்டு குதிரை நின்னு குடிச்சுக்கிட்டிருந்துச்சு. பார்க்க அழகாத்தான் இருந்துச்சு, இல்லேன்னு சொல்ல மாட்டேன்.

பக்கத்து வீட்டுல சுசீலா கவுண்டர்னு ஒருத்தி. கவுண்டர்ன்னதும் நம்ம பக்கத்து ஆளுன்னு நினைச்சுடாதீங்க. அவ தாத்தாவுக்குத் தாத்தா இங்கேயிருந்து கரும்பு வெட்டப் போனவராம். பேருதான் தமிழ்ப் பேரு, வாயைத் திறந்தா இந்தி. சோறு, தண்ணி, வா, போ, இப்படி நாலஞ்சு வார்த்தை தெரியும். மார்க்கெட்டுல காய்கறி விக்கிறவ. காலையில ஆறு மணிக்கே வேலிக்கு அந்தப் பக்கத்துல இருந்து "பேட்டி, பேட்டி"ன்னு கௌசியைக் கூப்பிடுவா, அவ பாஷையில மகளேன்னு அர்த்தம். வேகவச்ச மரவள்ளி, மீன் குழம்பு, ஏதோ ஒரு கீரை, தட்டுல வச்சு மூடிக் கொண்டாந்துடுவா. கௌசி அதைத்தான் முதல்ல சாப்பிடுவா. நான் பத்தியச் சமையல் பண்ணி வச்சிருப்பேன், "அப்புறம் சாப்பிடுறேன்ம்மா"ம்பா.

எனக்குப் பொறாமையெல்லாம் இல்லம்மா. வயித்துப் பிள்ளைக்காரி மரவள்ளி தின்னா வாயுன்னு சொன்னேன். ஒரு நாள் சுசீலாகிட்டயே சொல்லிட்டேன், என் இங்கிலீஷ்ல. "இனிமே நான் பார்த்துக்கிறேன்"னேன். அவ கோபப்படல. "சரி அம்மா, சரி அம்மா"ன்னு தட்டை வாங்கிட்டுப் போயிட்டா. மறுநாளும் கொண்டாந்தா. அந்த மாதிரி ஆளு.

ஒன்பதாந் தேதி ஆஸ்பத்திரிக்குப் போனோம். டவுன் ஆஸ்பத்திரி, சுத்தமா இருக்கும். அங்க லிட்டியான்னு ஒரு சிஸ்டர். அந்த நாட்டுக்காரி, நல்ல உயரம், வாட்டசாட்டமா இருப்பா. கௌசி வயித்துல கையை வச்சுப் பார்த்துட்டு எல்லாம் நல்லா இருக்குன்னா. ஒரு அட்டையைக் குடுத்து, குழந்தை தினமும் எத்தனை தடவை அசையுதுன்னு எழுதணும், அசைவு குறைஞ்சா உடனே வரணும், "உடனேன்னா உடனே"ன்னா. அப்புறம் சொன்னா, "இது மழை மாசம். உங்க பக்கத்துப் பாலம் மூழ்கினா வர முடியாது. பதினஞ்சாந் தேதியே இங்க வந்துடுங்க. தூரத்துல இருந்து வர்றவங்க தங்கறதுக்குன்னே காம்பவுண்டுக்குள்ள ரூம் இருக்கு. பிரசவம் ஆகிற வரைக்கும் இருக்கலாம்."

போய்ப் பார்த்தேன் அந்த ரூமை. ஆறு கட்டில். நாலுல நாலு பொம்பளைங்க வயித்தைத் தள்ளிக்கிட்டு உக்காந்திருக்காங்க. பொதுக் கக்கூஸ். கூட ஆள் தங்க இடமில்ல, சாயங்காலம் பார்த்துட்டுப் போயிடணும். அவங்க போடறதைத்தான் திங்கணும். நீங்களே சொல்லுங்க, பெத்தவ ஒருத்தி கடல் தாண்டி வந்து உக்காந்திருக்கேன், பொண்ணை ஹாஸ்டல்ல விடுவேனா?

வீட்டுக்கு வந்தா கௌசி பையில துணி எடுத்து வைக்கிறா. மாப்பிள்ளையும், "அத்தை, சிஸ்டர் சொல்றதுதான் சரி, புயல் வந்தா என்னை டூட்டிக்குக் கூப்பிட்டுடுவாங்க, நான் வீட்டுல இருக்க மாட்டேன்"னாரு. நான் ஒண்ணும் சத்தம் போடல. ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டேன். "அப்போ நான் எதுக்கு வந்தேன்? எனக்கு அடுத்த பிளேனுக்கு டிக்கெட் போட்டுடுங்க மாப்பிள்ளை, நான் கிளம்புறேன்"னேன். என் பெட்டியை இழுத்து வெளியில வச்சேன். கண்ணுல தண்ணி வந்துடுச்சு எனக்கு. வராதா பின்ன?

கௌசி பையில இருந்த துணியை ஒண்ணொண்ணா எடுத்துத் திரும்ப அலமாரியில அடுக்கிட்டா. "சரிம்மா, இருக்கேன்"னா. மாப்பிள்ளை வெளியில போயிட்டாரு.

பொங்கல் வச்சோம். பால் பொங்குச்சு. நல்லாத்தான் இருந்துச்சு எல்லாம்.

பதினாறாந் தேதி ரேடியோவுல புயல் எச்சரிக்கை. அன்னிக்கு ராத்திரியே மாப்பிள்ளையைக் கூட்டிட்டுப் போயிட்டாங்க, தீவுக்கு அந்தப் பக்கம். போறப்போ கௌசிகிட்ட ஏதோ மெதுவா சொல்லிட்டுப் போனாரு. என்கிட்ட, "அத்தை, எதுனாலும் சுசீலா ஆன்ட்டியைக் கூப்பிடுங்க"ன்னாரு. என்கிட்ட சொல்றாரு பாருங்க.

மறுநாள் வெள்ளிக்கிழமை. விடியறப்பவே மழை. காத்து இன்னும் வரல, மழை மட்டும். பத்து மணி வாக்குல கௌசி அடுப்படிக்கு வந்து நின்னா. கையில அந்த அட்டை. "அம்மா, காலையில இருந்து குழந்தை அசையவே இல்லம்மா"ன்னா.

நான் தோசை ஊத்திக்கிட்டிருந்தேன். "பிரசவம் நெருங்கினா பிள்ளை அப்படித்தான் அடங்கும். உள்ள இடம் வேணாமா அது உருள்றதுக்கு? நீ என் வயித்துல இருந்தப்போ கடைசி ரெண்டு நாள் கல்லு மாதிரிக் கிடந்தே"ன்னேன். நான் பொய் சொல்லலம்மா. அப்படித்தான் இருந்தா. எங்க வீட்டுல எல்லாருமே அப்படித்தான் சொல்லுவாங்க.

"சிஸ்டர் உடனே வரச் சொன்னாங்கம்மா."

"சிஸ்டருக்கு என்ன, பொழுது போகணும். இந்த மழையில உன்னை வண்டியில ஏத்திக் குலுக்கிக்கிட்டுப் போகச் சொல்றியா? உக்காரு, சாப்பிடு. இனிப்பா ஏதாவது குடிச்சா அசையும்"னு சர்க்கரை போட்டுப் பால் ஆத்திக் குடுத்தேன். குடிச்சா. அசைஞ்சுதான்னு கேட்டேன். "தெரியலம்மா"ன்னா. முகத்தைப் பார்த்தேன். பயம்தான் இருந்துச்சு. பயம் வேற, வலி வேற. எனக்குத் தெரியாதா? கொஞ்சம் இடுப்பு வலிக்குதுன்னும் சொன்னா. சீரகக் கஷாயம் வச்சுக் குடுத்தேன். பொய் வலின்னா அதுல அடங்கிடும். அடங்கிடுச்சு. "பார்த்தியா, நான் சொன்னேன்ல, பொய் வலி"ன்னேன்.

ஒரு மணி இருக்கும். கதவைத் தட்டுற சத்தம். சுசீலா மழைக்கோட்டு போட்டுக்கிட்டு நிக்கிறா, தலையில இருந்து காலு வரைக்கும் தண்ணி சொட்டுது. இங்கிலீஷ்லதான் சொன்னா. "அம்மா, பாலத்து மேல இப்பவே கணுக்கால் தண்ணி. எங்க வீட்டுக்காரர் லாரியை ஸ்டார்ட் பண்ணி வச்சிருக்காரு. கௌசியை இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிடலாம். இன்னும் ஒரு மணி நேரம் போனா முடியாது."

எனக்கு என்ன தோணுச்சுன்னு சொல்றேன், நீங்க தப்பா நினைச்சாலும் பரவாயில்ல. இவ யாரு வந்து சொல்றதுக்குன்னு தோணுச்சு. என் பொண்ணு எப்போ ஆஸ்பத்திரிக்குப் போகணும்னு காய்கறிக்காரி வந்து சொல்லணுமா? அதுவும் வெள்ளிக்கிழமை மத்தியானம் ராகு காலம் கூட முடிஞ்சிருச்சு, அதைச் சாக்காச் சொல்லவும் முடியாது. என் வாயில என்ன வந்துச்சோ அதைச் சொன்னேன்.

"கௌசி தூங்குறா"ன்னேன். "இப்பத்தான் கண் அசந்தா. எழுப்ப முடியாது."

அவ என்னையே பார்த்தா. உள்ளே எட்டிப் பார்த்தா. நான் கதவைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். "எழுந்ததும் கூப்பிடுங்க அம்மா, நாங்க காத்திருக்கோம்"னு சொல்லிட்டுப் படியிறங்கிப் போயிட்டா.

உள்ள போனா, கௌசி கட்டில் ஓரத்துல உக்காந்திருக்கா. காலுல செருப்பு மாட்டியிருக்கா. மரவீடு, ஒரு பலகைதானே நடுவுல, எல்லாம் கேட்டிருக்கும். "எங்க கிளம்பிட்டே?"ன்னு கேட்டேன். குனிய முடியாம குனிஞ்சு செருப்பைக் கழட்டிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டா. அஞ்சு நிமிஷத்துல தூங்கியும் போயிட்டா. நான் பார்த்தேன், கண்ணு மூடித்தான் இருந்துச்சு. அப்போ நான் சொன்னதுல என்ன தப்பு? அஞ்சு நிமிஷம் முன்னாடி சொன்னேன், அவ்வளவுதானே?

சாயங்காலம் பாலம் தெரியல. பாலம் எங்க, ஆறு எங்கன்னே தெரியல. போன் செத்துப் போச்சு. காத்து வந்துச்சு. அன்னிக்கு ராத்திரியைப் பத்தி நான் எதுவும் சொல்லப் போறதில்ல. கூரை நின்னுச்சு. அது போதும்.

சனிக்கிழமை விடிஞ்சப்போ கௌசிக்கு நிசமாவே வலி எடுத்துடுச்சு. நான்தான் ஓடிப்போய் சுசீலாவைக் கூப்பிட்டேன். ஆமா, நானேதான். மழையில, வேலியைத் தாண்டி, அறுபத்திமூணு வயசுல. அதை யாரும் சொல்ல மாட்டாங்க. அவ வீட்டுக்காரர் பக்கத்துக் கிராமத்துல இருந்து நாலு ஆளைக் கூட்டிட்டு வந்தாரு. அந்த நாட்டுக்காரங்க, ஒவ்வொருத்தனும் மரம் மாதிரி. வீட்டுக் கதவு ஒண்ணைக் கழட்டி, அதுமேல மெத்தையைப் போட்டு, அவளைப் படுக்க வச்சுத் தூக்கினாங்க. ஆத்தங்கரையில ஒரு தகரப் படகு. தண்ணி சேறா ஓடுது, வேரோட மரம் போகுது, செத்த மாடு ஒண்ணு போகுது. சுசீலா படகுல உக்காந்து கௌசி தலையை மடியில வச்சுக்கிட்டா. எனக்கு இடமில்ல. ரெண்டாவது நடையிலதான் என்னை ஏத்தினாங்க.

நான் போய்ச் சேர்றப்போ ஆஸ்பத்திரியில அவளைப் படுக்க வச்சு, வயித்து மேல ஒரு மெஷினை வச்சுத் தேடிக்கிட்டிருந்தாங்க. லிட்டியா சிஸ்டர்தான். இந்தப் பக்கம் வச்சுப் பார்த்தா. அந்தப் பக்கம் வச்சுப் பார்த்தா. மெஷின்ல இரைச்சல் மட்டும் கேட்டுச்சு. டாக்டரைக் கூப்பிட்டா. டாக்டரும் வச்சுப் பார்த்தாரு. அப்புறம் சிஸ்டர் மெஷினை நிறுத்திட்டு, கௌசி கையைப் பிடிச்சுக்கிட்டுக் கேட்டா, "குழந்தை கடைசியா எப்போ அசைஞ்சது?"

"வியாழக்கிழமை சாயங்காலம்"னா கௌசி, இங்கிலீஷ்ல. "நேத்துக் காலையிலேயே எங்கம்மாகிட்ட சொன்னேன்."

என்னைப் பார்க்காமத்தான் சொன்னா. சிஸ்டர் பார்த்தா என்னை. சுசீலா பார்க்கல. தரையைப் பார்த்துக்கிட்டு நின்னா.

டாக்டர் என்ன சொன்னாருன்னு கேளுங்க. தொப்புள்கொடி கழுத்துல ரெண்டு சுத்து சுத்தியிருந்துச்சுன்னாரு. கொடி சுத்தினதுக்கு நான் என்ன பண்ண முடியும்? முந்தின நாளே வந்திருந்தா ஒருவேளை பார்த்திருக்கலாம்னும் சொன்னாருதான். ஒருவேளைன்னுதானே சொன்னாரு. டாக்டர்மாரு அப்படித்தான் சொல்லுவாங்க. கொடி சுத்தியிருந்துச்சு. அதுதான் விஷயம். ஊருக்கு வந்து எல்லார்கிட்டயும் அதைத்தான் சொன்னேன்.

மத்தியானம் பிறந்துச்சு. பொம்பளைப் பிள்ளை. மூணு கிலோ நூறு. தலை நிறைய முடி.

அங்க ஒரு வழக்கம் வச்சிருக்காங்க. குழந்தையைக் குளிப்பாட்டி, சட்டை போட்டு, துணியில சுத்தித் தாய்கிட்ட குடுக்கிறாங்க, எவ்வளவு நேரம் வேணும்னாலும் வச்சுக்கோன்னு. நான் வேண்டாம்னேன். முகத்தைப் பார்க்கக் கூடாது, பார்த்தா மறக்காது, எடுத்துட்டுப் போங்கன்னேன். கௌசி, "குடுங்க"ன்னு கையை நீட்டிட்டா. அவ நல்லதுக்குத்தானே சொல்றேன்? கேக்கல. முதல் தடவையா நான் சொல்லிக் கேக்கல.

ரெண்டு மணி நேரம் வச்சிருந்தா. அழல. விரலை ஒவ்வொண்ணாப் பிரிச்சுப் பார்த்தா. அப்புறம் சுசீலாகிட்ட, "ஆன்ட்டி, நீங்க வச்சுக்கிறீங்களா?"ன்னு கேட்டா. சுசீலா வாங்கித் தோள்ல சாய்ச்சுக்கிட்டா, உயிருள்ள பிள்ளையைத் தட்டுற மாதிரி முதுகுல தட்டிக்கிட்டே ஜன்னல் வரைக்கும் நடந்தா, திரும்பி வந்தா. நானும் கையை நீட்டினேன். சுசீலா என்கிட்டத்தான் குடுக்க வந்தா, உள்ளதைச் சொல்லணும். கௌசி, "இங்க குடுங்க ஆன்ட்டி"ன்னு திரும்ப வாங்கிட்டா.

நீட்டின கையை எங்க வைக்கிறதுன்னு எனக்குத் தெரியலம்மா.

மாப்பிள்ளை ராத்திரி ஆனதுக்கப்புறம்தான் வந்து சேர்ந்தாரு. மறுநாள் அடக்கம் பண்ணினோம். ஆத்துக்கு மேல ஒரு மேடு. மண்ணெல்லாம் ஈரம்.

மூணு மாசம் இருக்கிறதாத்தான் போனேன். வீட்டுக்குத் திரும்பினதும் கௌசிக்குப் பால் கட்டிக்கிச்சு. நெஞ்சு கல்லாயிடுச்சு, காய்ச்சல் வேற. மல்லிப்பூ வச்சுக் கட்டினா வத்தும்னு நான்தான் சொன்னேன். சுசீலா தோட்டத்துல மல்லிச் செடி இருந்துச்சு, மழையில மிச்சம் இருந்த மொட்டையெல்லாம் பறிச்சுக் குடுத்தா. நான் பூவை வச்சு, துணி சுத்தி இறுக்கிக் கட்டிவிட்டேன். கையைத் தூக்குன்னா தூக்குவா. திரும்புன்னா திரும்புவா. சாப்பிடுன்னா சாப்பிடுவா. ஒரு சண்டை இல்ல, ஒரு கோபம் இல்ல. "என்னை ஏதாவது கேளு கௌசி, திட்டணும்னாத் திட்டு"ன்னு ஒரு நாள் கேட்டேன். "என்னம்மா கேக்கணும்?"னா.

நான் விளக்கமாச் சொன்னேன். கொடி சுத்தினது யார் கையில இருக்கு, புயல் வந்தது யார் கையில இருக்கு, அந்தப் பாலத்தை உயரமாக் கட்டாதது யார் குத்தம், இந்த ஜனவரி மாசத்துல வந்து பிள்ளை பிறக்கணும்னு இருந்திருக்குன்னு, எல்லாம் சொன்னேன். முழுசாக் கேட்டா. கேட்டு முடிச்சுட்டு, "நீ ஊருக்குப் போம்மா"ன்னா.

"உடம்பு தேறட்டும், பிப்ரவரி முடியட்டும்"னேன்.

"போம்மா"ன்னா. அவ்வளவுதான். சத்தம் கூட உயரல.

மாப்பிள்ளை டிக்கெட்டை மாத்திட்டாரு. அந்தக் குட்டிப் பிளேனுக்கு அவரும் சுசீலாவும்தான் வழியனுப்ப வந்தாங்க. கௌசி வரல. உடம்பு முடியலன்னாங்க. சுசீலா என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அழுதா. எதுக்கு அழுதாளோ. நான் அழல.

இது நடந்து மூணு வருஷம் ஆகப் போகுது.

பேசுவோம், பேசாம இல்ல. ஞாயித்துக்கிழமை நான்தான் போன் போடுவேன். எடுப்பா. எடுக்காம இருக்க மாட்டா. நல்லா இருக்கேன்ம்மா, அவரும் நல்லா இருக்காரும்மா, இங்க மழைம்மா, சரிம்மா, வைக்கிறேன்ம்மா. ரெண்டு நிமிஷம். போன ஆடியில ஒரு நாள் பேசிக்கிட்டிருக்கிறப்போ பின்னாடி ஒரு குழந்தை கத்துற சத்தம் கேட்டுச்சு. யாரு அதுன்னு கேட்டேன். "டிவிம்மா"ன்னா.

டிவின்னு நானும் விட்டுட்டேன்.

ஐப்பசியில சாத்தூர்ல ஒரு கல்யாணம். அங்க மாப்பிள்ளையோட அம்மா, என் சம்பந்தி, வந்திருந்தாங்க. பந்தியில பக்கத்துல உக்காந்து, "பேத்தி நடக்க ஆரம்பிச்சுட்டாளாமே, நேத்துப் படம் அனுப்பியிருந்தான், பார்த்தீங்களா?"ன்னு போனை நீட்டுறாங்க. மரப்படியைப் பிடிச்சுக்கிட்டு ஒரு பிள்ளை நிக்குது. சிரிக்குது. ரெண்டு பல்லு. கௌசி ஜாடை, அச்சு அசல் கௌசிதான். கீழ்ப்படியில அந்த சுசீலா கையை விரிச்சுக்கிட்டு உக்காந்திருக்கா.

இலையில சாம்பார் ஊத்திட்டாங்க. நான் என்ன சொல்லுவேன்? எனக்குத் தெரியாதுன்னு சம்பந்திகிட்டச் சொல்ல முடியுமா? பெத்தவளுக்கே சொல்லலையான்னு ஊரு கேக்காது? "பார்த்தேன், பார்த்தேன், எனக்கும் அனுப்பினா"ன்னேன். "சமத்து"ன்னேன். சாப்பிட்டு எழுந்து வந்துட்டேன்.

அடுத்த ஞாயித்துக்கிழமை போன் போட்டேன். கேக்கணும்னுதான் போட்டேன். "நல்லா இருக்கியா?"ன்னு கேட்டேன். "நல்லா இருக்கேன்ம்மா"ன்னா. "வேற ஒண்ணும் விசேஷம் இல்லையா?"ன்னேன். "ஒண்ணும் இல்லம்மா"ன்னா. அதுக்கு மேல எப்படிக் கேக்கிறது? இருபத்தாறு வருஷம் நூத்திப் பத்துப் பிள்ளைங்ககிட்ட ஒரு பொய் விடாமக் கேட்டு வாங்கினவ நான். என் பொண்ணுகிட்ட எனக்குக் கேக்க வரல.

இருங்க, காபி போடறேன். வேண்டாமா? பஸ்ஸுக்கு நேரமாச்சா?

சரி, நீங்க எப்போ வேணும்னாலும் போங்க. உங்க பையன் இருக்கான், பார்த்துப்பான். டவுன் சின்னதுதான். மார்க்கெட்டுல காய்கறிப் பக்கம் போய் சுசீலா கவுண்டர்னு கேட்டா யாரும் காட்டுவாங்க. அவளைப் பிடிச்சா கௌசி வீடு தெரிஞ்சுடும். வீடு மாத்திட்டாங்கன்னு கேள்வி, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துலயே போயிட்டாங்களாம்.

எதுவும் குடுத்து விடலம்மா. பயப்படாதீங்க. ஒண்ணே ஒண்ணு மட்டும் செய்ங்க. அந்தப் பிள்ளைக்கு என்ன பேரு வச்சிருக்காங்கன்னு கேட்டு, எனக்கு ஒரு போன் பண்ணிச் சொல்லுங்க. சம்பந்திகிட்ட கேக்க முடியாது, பாருங்க. தெரியும்னு சொல்லிட்டேன்ல.

நீங்களாக் கேக்கிற மாதிரிக் கேளுங்க. நான் கேக்கச் சொன்னேன்னு தெரிஞ்சா சொல்ல மாட்டா.